ஓக் குரோவ் டிஸ்க் கோல்ஃப்: மரத்தை மன்னிக்கலாம், தரையை முடியாது

கலிஃபோர்னியாவில் பாசடீனா பக்கம் புதிதாகக் குடிவந்த நண்பர் ஒருவர், "ஓக் குரோவில் ஆடலாமா, என்ன டிஸ்க் வாங்கட்டும்?" என்று கேட்டிருந்தார். பந்துக்குப் பதில் டிஸ்க் என்னும் தட்டை எறிந்து, குறைந்த எறிகளில் கூடைக்குள் சேர்க்கும் ஆட்டம்தான் டிஸ்க் கோல்ஃப். ஓக் குரோவ், ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத மைதானம்.

பெருமைக்குக் குறைவே இல்லை. உலகின் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானம், 1975-இல் இங்கேதான் அமைந்தது. அமைத்தவர் எட் ஹெட்ரிக். வாம்-ஓ என்ற பொம்மை நிறுவனத்தில் இருந்தபோது ஃபிரிஸ்பீ என்னும் பறக்கும் தட்டைத் தள்ளாடாமல் பறக்கவைத்தவர். முதலில் இங்கே இலக்காக இருந்தவை வெறும் கம்பங்கள். டிஸ்க் கம்பத்தில் பட்டதா இல்லையா என்று ஆட்டத்துக்கு ஆட்டம் சண்டை. அதற்கு முடிவு கட்டத்தான் சங்கிலி தொங்கும் கூடை வந்தது. அதன் காப்புரிமை 1977-இல் கிடைத்தது. இன்று ஹஹமோங்னா பூங்கா என்று பெயர், பக்கத்திலேயே நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம். கட்டணம் கிடையாது. டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனால் போதும்.

மரங்கள் அழகு. கலிஃபோர்னியா கடற்கரை ஓக், ஒரேயடியாக இலை உதிர்த்து மொட்டையாகாத வகை. கிழக்கு மாநிலங்களில் குளிர்காலம் வந்தால் இலை உதிர்ந்து, கூடைக்குப் போகும் எறிபாதையான ஃபேர்வே திறந்துகொள்ளும். இங்கே அந்தச் சலுகை இல்லை. கிளைகள் தாழ்ந்து கூரைபோல் நிற்பதால், உயரமாக எறிந்து தூரம் தேடும் வித்தை பலிக்காது. டெஸ்ட்ராயர் மாதிரி, வேக எண் 12 கொண்ட டிரைவரை (நெடுந்தூர டிஸ்க்) பையிலேயே வைத்துவிடுங்கள். வேகம் குறைந்த டிரைவரான லெபர்ட் ஒன்று, நடுத்தூரத்துக்கான மிட்ரேஞ்ச் பஸ் ஒன்று, கூடையருகே எறியும் புட்டரான ஏவியார் இரண்டு, இதற்குமேல் தேவையில்லை. புதியவர் என்றால் 150 முதல் 165 கிராமுக்குள் வாங்கலாம்.

ஏவியார் ஏன் இரண்டு? தரையால்.

கோடையில் தென்கலிஃபோர்னியாவின் வெற்று மண் சிமெண்ட் தளம்போல் இறுகிவிடும். வலக்கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசும் பேக்ஹேண்ட் எறிபவருக்கு டிஸ்க், மேலிருந்து பார்த்தால், கடிகாரச் சுற்றில் சுழலும். வேகம் குறையும்போது இடப்பக்கம் சாயும், இட விளிம்புதான் முதலில் தரையைத் தொடும். புல்லில் அது ஓரிரு மீட்டரில் அடங்கிவிடும். இங்கே ஐந்தாறு மீட்டர் இடப்பக்கமே வழுக்கிக்கொண்டு போகும். கூடையைக் குறிவைத்தால் கூடையைத் தாண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கூடைக்கு முன்னால், கொஞ்சம் வலப்புறமாக ஒரு புள்ளியைக் குறிவையுங்கள். டிஸ்க்கின் மூக்கு, அதாவது முன்விளிம்பு, தூக்காமல், தாழ்வாக, கடைசிச் சாய்வு முழுதாக வருவதற்குள் தரை தொடுகிற மாதிரி விடுங்கள்.

வழுக்கலையாவது கணக்கில் எடுக்கலாம், உருளல்தான் உயிரை வாங்குவது. செங்குத்தாக இறங்கும் டிஸ்க் விளிம்பில் நின்று உருள ஆரம்பித்துவிடும்; சின்ன வயதில் டயர் உருட்டியவர்களுக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை. கூடைக்குள் போட எறியும் எறிதான் புட்; மிதக்கவிட்டு எறியும் புட் கூடைக்கு மேலே தவறினால், பின்னால் விளிம்பில் விழுந்து சரிவில் கிளம்பிவிடும். எட்டு மீட்டர் புட்டுக்குப் போனவர் பதினெட்டு மீட்டரில் நின்று அடுத்ததை எறிவார். இதற்கு அபராதம் எதுவும் இல்லை, எல்லைக்கு வெளியே போனால் மட்டும் ஒரு எறி கூடும். ஆனால் மனசுக்கு விழும் அபராதம் வேறு.

ஆகவே கூடைக்குப் பின்னால் தரை சரிகிறதா என்று நடந்து பார்த்துவிட்டு எறியுங்கள். சரிந்தால், ஏழெட்டு மீட்டருக்கு அப்பால் வீரம் வேண்டாம். தட்டையாக, கூடைக்கு இரண்டு மீட்டர் முன்னால் போட்டுவிட்டு அடுத்ததில் முடியுங்கள். நேராக முயன்றால் நடுக்கம்பத்துக்குச் சற்று வலப்புறச் சங்கிலியைக் குறிவையுங்கள். இடப்புறம் பட்டால் அதே கடிகாரச் சுழற்சி டிஸ்க்கை வெளியே துப்பிவிடும் வாய்ப்பு அதிகம். நடுக்கம்பத்தில் ஓங்கி அடித்தாலும் திரும்பி வரும். கூடையிலிருந்து பத்து மீட்டருக்குள் எறியும்போது சமநிலையில் நின்ற பிறகே முன்னால் கால் வைக்கலாம் என்பதை மறக்காதீர்கள். சரிவில் நிற்கும்போது இதில்தான் பலர் சறுக்குவது.

பிளாஸ்டிக் விஷயத்தில் இந்தத் தரை இரு பக்கமும் இடிக்கிறது. மலிவான, பிடிமானமுள்ள டிஎக்ஸ் வகை பிளாஸ்டிக் குறைவாக வழுக்கும், ஆனால் விளிம்பு சீக்கிரம் பிய்ந்துபோகும். விளிம்பு தேயத் தேய டிஸ்க் வலப்பக்கம் அதிகம் திரும்ப ஆரம்பிக்கும். நேற்று நேராகப் போன லெபர்ட் இன்று ஓக் கிளைக்குள் போவது இதனால்தான். சாம்பியன் மாதிரி கடின வகை நெடுநாள் தாங்கும், விலையும் கூட, ஆனால் கண்ணாடிமேல் விட்டதுபோலச் சறுக்கும். என் முடிவு: புட்டர் இரண்டும் டிஎக்ஸ், ஒன்று புட்டுக்கு மட்டும், மற்றது தரையில் அடிபடும் அணுகு எறிகளுக்கு. மிட்ரேஞ்சும் டிரைவரும் கடின வகை. புட்டுக்கான டிஸ்க்கை, முதல் எறி எறியும் இடமான டீயிலிருந்து எறியவே கூடாது.

மற்றவை சின்னச் சங்கதிகள். காய்ந்த ஓக் இலைச் சருகில் சிவப்பு, ஆரஞ்சு டிஸ்க்கெல்லாம் காணாமல் போகும். வெளிர்நீலமோ அடர் இளஞ்சிவப்போ வாங்கி, அடியில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதுங்கள். பொதுப் பூங்கா என்பதால் நடப்பவர்கள் குறுக்கே வருவார்கள். அவர்களுக்கு இது மைதானம் என்றே தெரியாது, கடந்து முடியும்வரை காத்திருப்பது நம் வேலை.

மரநிழல், வரலாறு, இலவசம், எறியைச் செதுக்கவைக்கும் குறுகிய வழிகள் என்று எண்ணினால் ஐந்துக்கு நாலரை தர வேண்டிய இடம். நான் தருவது இரண்டு. நண்பரே, முதல் ஆட்டத்தைப் புல்தரை உள்ள வேறு பூங்காவில் ஆடுங்கள். இங்கே வருவதானால் மழை பெய்து ஓரிரு நாள் கழித்து, மண் இளகியிருக்கும்போது வாருங்கள். அப்போது மதிப்பெண்ணை மாற்றச் சொன்னாலும் மறுக்க மாட்டேன்.