ட்யூஷன், ஆப், ஒர்க்புக், 40 ரூபாய் நோட்டுப் புத்தகம்: ஏழாவது ஆங்கிலத்துக்கு எது எடுபட்டது?

போன வருஷம் ஜூலையில் மகள் முதல் யூனிட் டெஸ்ட் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். ஏழாம் வகுப்பு, சி.பி.எஸ்.இ. இலக்கணத்தில் 10க்கு 9. கோடிட்ட இடம் நிரப்புவது, டென்ஸ் மாற்றுவது எதிலும் பிசகில்லை. பக்கத்தைத் திருப்பினால் டைரி எழுதச் சொன்ன கேள்விக்கு 5க்கு ஒன்றரை. எழுதியிருந்த எட்டு வரியில் ஆறில் டென்ஸ் தப்பு. முன்பக்கத்தில் கச்சிதமாகப் போட்ட அதே டென்ஸ்தான். 'டிட் நாட் வென்ட்' இரண்டு இடத்தில் உட்கார்ந்திருந்தது.

அந்த ஒன்பதுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் கிடக்கிற பள்ளத்தை எதைப் போட்டுத் தூர்ப்பது என்று ஒரு வருஷமாக நாலு வழி பார்த்துவிட்டோம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நோட்டுக் கட்சி.

எங்கள் நிலவரமும் தெரிய வேண்டும். இருப்பது பெங்களூர் அல்சூரில். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், அதோடு இந்தி. பாட்டி தோசை போடும்போது மகள் "சாகு பாட்டி, சாகு" என்பாள். கன்னடத்தில் 'போதும்' என்று அர்த்தம். வாணியம்பாடியிலிருந்து வந்த புதிதில் மாமியார் அதைக் கேட்டுக் கரண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை மொழிக்கு நடுவில் வளரும் பிள்ளைக்குக் காது கூர்மை, பேச்சும் தடங்கலில்லை. பேனாவை எடுத்தால்தான் எல்லாம் கலங்கிப்போகிறது. நான் பத்தாவது வரை தமிழ் மீடியம், இப்போது ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு வேலை. என் ஆங்கிலம் மெயில் எழுதும் ஆங்கிலம்.

ஒர்க்புக் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான், நீட்ட ஒன்றுமில்லை. 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும், பின்னால் விடை இருக்கும், விதிகளைப் பிள்ளை ஒரு தடவை வரிசையாகப் பார்த்துவிடும். மகளிடம் ஏற்கனவே இரண்டு இருந்தன. அந்த ஒன்பது மார்க்கே அதில் வந்ததுதான். சிக்கல் என்னவென்றால், மேலே 'டென்ஸ்' என்று தலைப்புப் போட்டு பத்து வாக்கியம் கொடுத்தால் எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. டைரி எழுதும்போது அப்படி யாரும் தலைப்புப் போட்டுத் தருவதில்லை, கை தன்பாட்டுக்கு ஓடுகிறது.

ஆப்பை இரண்டு மாதம்தான் வைத்திருந்தோம். அதனால் அதைப் பற்றி நான் சொல்வதற்கு அவ்வளவுதான் எடை. உச்சரிப்புக்கு நல்லது, புதுச் சொற்களும் நிறைய வந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் ராத்திரி பத்தே முக்காலுக்குப் போர்வைக்குள் வெளிச்சம். விசாரித்தால், தொடர்ந்து எத்தனை நாள் படித்தாள் என்று ஆப்பில் ஒரு நெருப்புப் படம் காட்டுமாம், ஒரு நாள் விட்டாலும் அது அணைந்துவிடுமாம். பாதித் தூக்கத்தில் நாலு கேள்விக்கு ஏதோ ஒரு விடையைத் தொட்டாள், இரண்டு சரி, நெருப்பு எரிந்தது. எழுதும் பகுதியும் உண்டு. பத்தியைத் தட்டினால் மூன்று விநாடியில் வழவழவென்று திருத்திக் கொடுத்துவிடும். ஏற்றுக்கொள்ளும் பொத்தானைத் தொட்டால் வேலை முடிந்தது. மறுநாள் அதே தப்பு திரும்பி வரும். தப்பைக் கண்டுபிடித்தது ஆப், சரிசெய்ததும் ஆப். இவள் வேடிக்கைதான் பார்த்தாள்.

செப்டம்பரிலிருந்து மூன்று மாதம் ட்யூஷன். மாதம் 1,500 ரூபாய், வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், மொத்தம் 14 பிள்ளைகள். மிஸ் நல்ல மாதிரி, நேரம் தவற மாட்டார். ஆனால் நான் கணக்குக்காரி, கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. 60 நிமிஷத்தைப் 14ஆல் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு நாலே கால் நிமிஷம். பாடம் நடத்தும் நேரத்தைக் கழிக்காமலே இது. அரைப் பக்க டைரியைப் படித்து, தப்பைக் காட்டி, பிள்ளையிடம் பேச ஐந்து நிமிஷமாவது வேண்டும். அதனால் எந்த ட்யூஷனிலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது: மாதிரி விடையைப் போர்டில் எழுதுவார், எல்லாரும் பார்த்து எழுதுவார்கள், வீட்டில் மனப்பாடம்.

மார்க் ஏறியது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அரையாண்டில் டைரிக்கு மூன்றரை. ஆனால் விடைத்தாளைப் படித்துப் பார்த்தேன். கேள்வி, சைக்கிள் திருடுபோன நாளைப் பற்றி. பத்தி முழுக்க அழுகை, கடைசி வரி மட்டும் 'இட் வாஸ் எ ட்ரீம் கம் ட்ரூ.' சுற்றுலாவுக்கு மனப்பாடம் செய்த முடிவு இங்கே வந்து ஒட்டிக்கொண்டது!

எதிர்வீட்டுப் பையனும் அதே இடத்துக்குத்தான் போகிறான், நன்றாகவே எழுதுகிறான். அவன் கையில் எப்போதும் ஒரு கதைப்புத்தகம் இருக்கும், ஆகவே பெருமை ட்யூஷனுக்கா புத்தகத்துக்கா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. நாலைந்து பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவரவர் எழுதியதைத் திருத்தித் தரும் ஆசிரியர் கிடைத்தால் இந்த அலசலை மூடிவைத்துவிட்டு அங்கே சேர்த்துவிடுங்கள். எங்கள் பக்கம் கிடைக்கவில்லை.

டிசம்பரில் ட்யூஷனை நிறுத்திவிட்டு ஒரு கோடு போட்ட 40 ரூபாய் நோட்டு வாங்கினேன். இடது பக்கம் முதலில் எழுதுவது, வலது பக்கம் அதையே திருத்தி மறுபடி எழுதுவது. வாரம் நாலு நாள், அரைப் பக்கம். ஏழு நாளும் என்று தொடங்கினால் இரண்டாம் வாரமே படுத்துவிடும்.

இதில் முக்கியம் அந்த வலது பக்கம். மற்ற மூன்றிலும் இல்லாதது அது ஒன்றுதான். நான் எதையும் திருத்துவதில்லை. தப்புள்ள வரிக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன், அவ்வளவுதான். அந்த வரியில் என்ன தப்பு என்று அவளே தேட வேண்டும். அதுவும் ஒரு வாரத்துக்கு ஒரே வகைத் தப்பு. முதல் இரண்டு வாரம் 'டிட்'டுக்குப் பின்னால் வரும் வினைச்சொல் மட்டும். ஸ்பெல்லிங் எவ்வளவு கோணலாக இருந்தாலும் கண்டுகொள்ளவில்லை. எல்லாத் தப்புக்கும் புள்ளி வைத்தால் பக்கம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும், பிள்ளை நோட்டையே ஒளித்துவைத்துவிடும். (முதல் நாள் அப்படித்தான் செய்தேன். நோட்டு பீரோவுக்குப் பின்னாலிருந்து கிடைத்தது.)

மூன்றாம் வாரம் 'டிட் நாட் வென்ட்' எழுதிவிட்டு, நான் பார்ப்பதற்குள் அவளே அடித்து 'கோ' என்று மாற்றியிருந்தாள். ஒர்க்புக்கில் நூறு தடவை சரியாகப் போட்ட விதி, சொந்த வாக்கியத்தில் கைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த அம்மா எப்படித் திருத்துவது என்ற பயம் எனக்கும் இருந்தது. புரியாத வரியைச் சத்தம்போட்டுப் படிக்கச் சொல்வேன், பாதித் தப்பு அவள் வாயிலேயே இடறிவிடும். மீதிக்கு, "என்னடி சொல்ல வந்தே, தமிழ்ல சொல்லு" என்பேன். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் எங்கே முடிச்சு விழுந்தது என்று தெரிந்துவிடுகிறது.

உதாரணத்துக்கு ஆர்ட்டிகிள். தமிழில் அப்படி ஒன்று கிடையாது. முதல் தடவை சொல்லும்போது 'ஒரு' போட மனசு வருகிறதா, அப்படியானால் 'எ'. இரண்டாம் தடவை 'அந்த' என்று வருகிறதா, அப்படியானால் 'த'. முக்கால்வாசி இடத்தில் இது ஓடுகிறது. 'அந்தச் சூரியன்' என்று நாம் சொல்வதில்லை, ஆங்கிலத்தில் சூரியனுக்கு 'த' வேண்டும். அங்கே இந்தக் குறுக்குவழி காலை வாரிவிடும்.

இன்னொன்று வாக்கியத்தின் நீளம். அவள் எழுதுவாள்: 'மை அங்கிள் லிவ்ஸ் இன் கிருஷ்ணகிரி. ஹி கேம் யெஸ்டர்டே. ஹி ப்ராட் மேங்கோஸ்.' தப்பே இல்லை, ஆனால் இரண்டாம் வகுப்பு மாதிரி இருக்கிறது. தமிழில் சொல்லச் சொன்னால் "கிருஷ்ணகிரியில் இருக்கிற மாமா நேத்து மாம்பழம் கொண்டுவந்தார்" என்று ஒரே மூச்சு. 'இருக்கிற' என்ற பெயரெச்சத்தைத் தமிழில் ஆளைச் சொல்வதற்கு முன்னாலேயே வைத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஆளைச் சொல்லிவிட்டு, பின்னால் 'ஹூ' போட்டுத் தொடுக்க வேண்டும். 'வந்து, பார்த்து, வாங்கிக்கொண்டு' என்று நாம் கோக்கும் வினையெச்சங்களும் அங்கே 'ஆஃப்டர்', 'வென்' என்று பிரிந்துபோகும். இதைப் புரிந்துகொண்ட பிறகு, மூன்று சின்ன வாக்கியத்தை ஒன்றாக்குவதையே ஒரு நாள் வேலையாக வைத்தேன். பள்ளியில் கற்ற தமிழ் இலக்கணம் முப்பது வருஷம் கழித்து ஆங்கிலத்துக்கு உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

இது என் கைவைத்தியம் மட்டுமில்லை. அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 4ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை எழுத்துப் பயிற்சியைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007ல் அறிக்கை வெளியிட்டார்கள். வாக்கியங்களை இணைக்கப் பழகுவதும், படித்ததைச் சுருக்கி எழுதுவதும் பிள்ளைகளின் எழுத்தை உயர்த்தின. இலக்கணத்தைத் தனிப் பாடமாக நடத்துவது எழுத்துக்குக் கைகொடுக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வீட்டு மொழி இல்லை, விதி தெரிந்துதான் ஆக வேண்டும் என்பதால் ஒர்க்புக்கை நான் தூக்கிப் போடவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டேன்.

சுருக்கி எழுத நல்ல சரக்கு, ஆங்கிலப் பேப்பரில் வரும் வாசகர் கடிதம். சின்னதாக இருக்கும், ஒரே விஷயம் பேசும். நடைபாதையில் ஓடும் பைக், அள்ளாத குப்பை என்று அவள் கண்ணால் பார்க்கும் விஷயம். அதை மூன்று வாக்கியத்தில் சொல்ல வேண்டும். பள்ளியில் கொடுக்கும் பத்தியைவிட இதைத்தான் ஆர்வமாகப் படிக்கிறாள், சில கடிதத்துக்கு ஓரத்தில் பதிலும் எழுதியிருக்கிறாள்.

படிக்கப் பெரிய செலவு ஆகவில்லை. பெங்களூரிலேயே இருக்கும் பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் காசில்லாமல் கிடைக்கின்றன. ஏழாவதுக்குக் கொஞ்சம் எளிதுதான், ஆனால் ஒரே கதையை இரண்டு மொழியிலும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறெதுவும் இவ்வளவு வசதியாக எனக்குக் கிடைக்கவில்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகள். பாடப்புத்தகம் பழசு வேண்டுமென்றால் அவென்யூ ரோடு.

நோட்டின் குறை, அதைப் பராமரிப்பதுதான். புத்தகத்துக்கும் ஆப்புக்கும் நான் வேண்டாம். நோட்டுக்கு நான் வேண்டும். எழுதும் நாளெல்லாம் 15 நிமிஷம், போனை வைத்துவிட்டு. 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. கட்டும் வாரம் வந்தால் வீட்டுக்கு வரவே எட்டரை ஆகும், நோட்டு அப்படியே கிடக்கும். பிப்ரவரியில் 11 நாள் வெற்றுப் பக்கம். பெற்றோர் இருவரும் ராத்திரி ஷிஃப்ட் என்றால் இந்த வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ட்யூஷன் மிஸ் பிப்ரவரியில் 11 நாள் லீவு போட்டிருக்க மாட்டார்.

ஆண்டுத் தேர்வில் டைரிக்கு என்ன மார்க் என்று கேட்பீர்கள். அதே மூன்றரை. "1,500க்கும் மூன்றரை, 40க்கும் மூன்றரை, அப்ப நோட்டுதான் லாபம்" என்றார் வீட்டுக்காரர். எனக்கு அந்தக் கணக்கு ஒட்டவில்லை, என் நேரத்துக்கு அவர் விலை போடவில்லை. ஆனால் இந்த மூன்றரையில் ஒரு வரிகூட மனப்பாடம் இல்லை. மழையில் நின்றுபோன ஸ்கூல் வேனைப் பற்றி எழுதியிருந்தாள், டிரைவர் அங்கிள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தது உட்பட.

இப்போது எட்டாவது. ரிப்போர்ட்டட் ஸ்பீச் வந்துவிட்டது. நாம் 'வருகிறேன் என்று சொன்னான்' என்று அவன் வாய்ச்சொல்லை அப்படியே வைத்து 'என்று' போட்டு முடித்துவிடுவோம். ஆங்கிலத்தில் ஆளும் காலமும் சேர்ந்து நகர்கின்றன. புள்ளி எங்கே வைப்பது என்று எனக்கே கை நடுங்குகிறது. இரண்டாம் மாடியில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஞாயிறு காலை நோட்டு அவளிடம் போகிறது, கூடவே ஒரு டம்ளர் காபியும். அவளிடம் புள்ளி வைக்க மட்டும் சொல்லியிருக்கிறேன், திருத்தக் கூடாது. போன வாரம் இரண்டு இடத்தில் திருத்தியே விட்டாள்.