கேமுக்குள் திருமலைக் கடல்: இறக்கிய ஒலியா, எடுத்த ஒலியா, செய்த ஒலியா?

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கத்துக் கரை. ஒரு மீனவர் வாடி, காயப்போட்ட கரைவலை, நாலு பனை, மணலில் ஏற்றிவிட்ட இரண்டு வள்ளம். நானும் நண்பர் ஒருவரும் கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்துவரும் கேமின் முதல் காட்சி இதுதான். படம் சரியாக வந்துவிட்டது. சத்தம் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு கிழமையில் முடியும் என்று நினைத்தேன், நாலு மாதம் போய்விட்டது.

வழி மூன்று உண்டு. இணைய நூலகத்தில் இறக்கலாம், நாமே போய்ப் பதிவு செய்யலாம், அல்லது கணினியிலேயே ஒலியைச் செய்துவிடலாம். மூன்றையும் இதே கரைக்காட்சியில் போட்டுப் பார்த்தேன்.

இறக்குவது சோம்பேறிக்கு ஏற்ற வழி, அதனால் அதில்தான் தொடங்கினேன். பார்சலோனாவில் ஒரு பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளத்தில் கடலலை என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும். தெளிவான பதிவு ஒன்றைக் காட்சியில் போட்டுவிட்டு மருமகனை விளையாட விட்டேன். இரண்டு நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "மாமா, இது எந்த ஊர்க் கடல்?" என்றான். திரும்பக் கேட்டபோதுதான் எனக்கே பிடிபட்டது. அது கூழாங்கல் கரை. அலை பின்வாங்கும்போது கற்கள் உருண்டு கடகடவென்கின்றன. நம் மணற்கரையில் அலை திரும்பும்போது கேட்பது நுரை உடைந்து மணலுக்குள் இறங்கும் 'சர்ர்ர்' மட்டுந்தான். 'காலைக் காடு' என்று இறக்கியது இன்னும் மோசம். ஐரோப்பியப் பறவைகள் வரிசையாகப் பாடின. செண்பகப் பறவை (செம்போத்து) 'உப்... உப்... உப்...' என்று அடித்தொண்டையில் தொடங்கவேண்டிய இடத்தில் யாரோ விசில் அடிப்பதுபோல் இருந்தது.

உரிமம் இன்னொரு தலையிடி. ஒரே தளத்தில் ஒரு கோப்பு எந்த நிபந்தனையும் இல்லாதது, அடுத்தது பெயர் போடச் சொல்வது, மூன்றாவது வணிகத்துக்கு ஆகாது என்பது. பறவை ஒலிகளுக்குப் பேர்போன ஸீனோ-கான்டோவில் நம் நாட்டுப் பறவைகள் தாராளமாக உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலானவை வணிகத்துக்கு ஆகாதவை, சிலவற்றை வெட்டி ஒட்டவும் கூடாது. காசுக்கு விற்கப்போகும் கேமில் கைவைக்க முடியாது. காதுக்குப் பாடமாக மட்டும் வைத்துக்கொண்டேன். எந்தப் பறவை எப்படிக் கத்தும் என்று சரிபார்க்க அதைப்போல வேறில்லை.

அடுத்தது சொந்தப் பதிவு. முதல் நாள் போனோடு போனேன். வீட்டுக்கு வந்து கேட்டால் அலை வருவதும் அமுங்குவதுமாக, தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் இருந்தது. காரணம் எளிது. போனின் பேச்சுப் பதிவுச் செயலி மனிதக் குரலைத்தான் காப்பாற்றப் பார்க்கும். கடலிரைச்சல் அதன் கணக்கில் குப்பை, கூட்டித் தள்ளிவிடும். அப்புறம் கையடக்க ரெக்கோடர் ஒன்றை இரவல் வாங்கினேன். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ், ஸ்டீரியோ. ஒரு நிமிடத்துக்கு 17 எம்பிக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும், அது பரவாயில்லை.

பரவாயில்லாமல் போனது காற்று. கச்சான் காற்று அடிக்கும் மாதம். மைக்குக்குக் காற்றைத் தடுக்கும் ரோமத் தொப்பி போடாமல் கோணேசர் கோயில் மலையில் ஏறி நின்றேன், புத்தி! அங்கே இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவுக்குக் கீழே கடல் மோதும் சத்தம் வேண்டும் என்று போனவனுக்குக் கிடைத்தது 40 நிமிடம் 'புடுபுடு'. 100 ஹேர்ட்ஸுக்குக் கீழான அடித்தொனியை வெட்டியும் தேறவில்லை. அடுத்த முறை தொப்பியோடு, விடிய நாலரை மணிக்கு, உப்புவெளியில் வள்ளத்தின் மறைவில் குந்திக்கொண்டேன். ஓட்டோ ஓடத் தொடங்கவில்லை, ஒலிபெருக்கியும் எழும்பவில்லை. வலை பார்க்க வந்த பெரியவர் ஒருவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, அலையைப் பெட்டிக்குள்ள அடைக்கப் போறியளோ?" என்றார். அதுவும் பதிவாகிவிட்டது. வெட்டி எடுக்க மனம் வராமல் தனியாக வைத்திருக்கிறேன்.

அந்த ஒரு விடியலில் கிடைத்தவை: தூரத்தில் திரும்பி வரும் வள்ளத்தின் எஞ்சின் மெல்லப் பெருத்து வருவது, முதல் காகம், அதற்குப் பதில் சொல்லும் இரண்டாவது காகம், ஈரக் கயிறு மரத்தில் உரசும் 'கிறீச்'. எந்த நூலகத்தில் எந்தச் சொல்லைப் போட்டு இதைத் தேடுவது? இன்னொரு நாள் உள்துறைமுகப் பக்கம் போனேன். அங்கே அலையே இல்லை, தண்ணீர் வள்ளத்தின் வயிற்றில் 'சலப், சலப்' என்று தட்டுகிறது. ஊர் ஒன்றுதான், கடல் இரண்டு. கோணேசர் கோயில் இருக்கும் கோட்டைப் பக்கம் போகிறவர்கள் மட்டும் கேட்டுவிட்டு எடுங்கள். உள்ளே இராணுவம் இருக்கிறது, ரோமம் போர்த்திய மைக்கைத் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது மைக் என்று தெரியாது.

மூன்றாவது, செய்த ஒலி. எல்லாச் சுருதியும் சமமாகக் கலந்த 'உஸ்ஸ்' என்ற வெள்ளை இரைச்சலை எடுத்து, சில சுருதிகளை மட்டும் விடும் வடிகட்டி ஒன்றுக்குள் விட்டு, அந்த வடிகட்டியை மெல்ல மேலும் கீழுமாக நகர்த்தினால் காற்று வந்துவிடும். நம்பாமல்தான் தொடங்கினேன். ஆனால் காற்று விஷயத்தில் மற்ற இரண்டையும் இது தோற்கடித்தது. காட்சியில் பனையோலை எவ்வளவு ஆடவேண்டும் என்பதற்கு ஓர் எண் ஏற்கெனவே இருக்கிறது. அதே எண்ணை வடிகட்டிக்கும் கொடுத்தேன். ஓலை சாயும் அதே கணத்தில் 'சரசர' எழும்புகிறது. பதிவு செய்த காற்றுக்கு இது வராது, அது தன்பாட்டுக்கு வீசும். செய்த காற்று கணினியில் இடமும் பிடிக்காது, திரும்பத் திரும்ப ஒன்றே ஓடவும் செய்யாது. ஆனால் பறவையில் கைவைத்தேன், தோற்றேன். காகத்தை மூன்று நாள் செய்து பார்த்ததில் கிடைத்தது பழைய மோட்டார் சைக்கிள் ஹோர்ன். அலையும் அப்படித்தான், தூரத்தில் ஏமாற்றலாம், காலடியில் முடியாது.

ஆகவே என் தேர்வு கலவைதான், ஆனால் சமபங்கு இல்லை. ஆளுக்கு ஊரைக் காட்டிக்கொடுக்கும் ஒலி எல்லாம் சொந்தப் பதிவு: காகம், செண்பகம், வள்ளம், கரையடி அலை. காற்று செய்தது. தூரத்து இடிமுழக்கம் மட்டும் இறக்கியது, இடிக்கு ஊர் கிடையாது.

சேர்க்கும் விதத்திலும் ஒரு பாடம் உண்டு. ஒரே நீளப் பதிவைச் சுழலவிட்டால் எவ்வளவு நல்ல பதிவானாலும் பிடிபடும். நிமிடத்துக்கு ஒருமுறை அதே காகம் அதே மூச்சில் கத்தினால் யாருக்குத்தான் தெரியாது? அடியில் விடாமல் ஓடும் பின்னணி ஒலியில் தனித்துத் தெரியும் சத்தம் எதையும் வைக்காதீர்கள். நான் 47 வினாடி அலை ஒன்றையும் 61 வினாடி அலை ஒன்றையும் சேர்த்து ஓடவிட்டேன். இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் தொடங்க 47 நிமிடம் 47 வினாடி எடுக்கும். காகங்களை மோனோவாக (ஒற்றைத் தடமாக) வெட்டி, சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காட்டும் முப்பரிமாண ஒலிப்பானில் போட்டுப் பனை உச்சியில் வைத்து, இடைவெளியையும் சுருதியையும் கொஞ்சம் தற்செயலுக்கு விட்டேன். கோப்பு ஓக் (Ogg) வடிவில். எம்பி3 முனைகளில் சிறு மௌனத்தைச் சேர்த்துவிடும், சுழலும்போது 'டக்' என்று இடறும்.

மருமகன் திரும்ப விளையாடினான். இந்த முறை கடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "மழை எப்ப மாமா?" என்று கேட்டான். பின்னிய தென்னோலைக் கிடுகுக் கூரையில் விழும் மழை என்னிடம் இல்லை. செய்து பார்த்தேன், தகரக் கூரை மாதிரிதான் வருகிறது. ரெக்கோடரை ஐப்பசி வரைக்கும் வைத்திருக்க அனுமதி வாங்கியாயிற்று.