எலும்புவழி ஹெட்போன்: நீண்ட காலம் பயன்படுத்தினால் தெரிய வருபவை

“செவிப்பறையைத் தொடாமல், ஒலி நேராக உள்காதுக்குப் போகிறது.” எலும்புவழி ஹெட்போன் பெட்டிகளில் பெரும்பாலும் இப்படித்தான் எழுதியிருக்கும். நாள்தோறும் மாட்டிக் கேட்டுப் பழகினால் இது பாதி உண்மை என்பது தெளிவாகும். இந்தக் கருவியில் எது நன்றாக இருக்கிறது, எது சொதப்புகிறது என்று புரிய அந்த மறுபாதியும் தெரிந்திருக்க வேண்டும்.

அதிரும் தகடு காதுத் துளைக்குச் சற்று முன்னால், கன்ன எலும்பின் பின்முனையில் உட்காருகிறது. அங்கிருந்து ஒலி ஒரே வழியில் போவதில்லை. மண்டையோடு அதிரும்போது, உள்காதில் ஒலியை உணரும் சுருள் உறுப்பான காக்ளியாவுக்குள் இருக்கும் திரவம் எலும்போடு சேர்ந்து உடனே நகராமல் பின்தங்கும். அந்த வித்தியாசமே உள்காதின் சவ்வை அசைக்கிறது. நடுக்காதில் தொங்கும் மூன்று சிற்றெலும்புகளும் இதேபோல் பின்தங்கி, அவற்றில் கடைசியான அங்கவடி எலும்பு வழியாகத் திரவத்தைத் தள்ளும். இன்னொரு பக்கம் செவிக்குழாயின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. அதன் சுவர் நடுங்கினால் குழாய்க்குள் இருக்கும் காற்றே ஒலிக்கத் தொடங்கி, வழக்கம்போல் செவிப்பறை வழியாக உள்ளே போகும். கடைசியாக, தகட்டின் மேல்உறையிலிருந்து கசியும் ஒலி திறந்திருக்கும் காதுக்குள் காற்றுவழியாகவே நுழைகிறது. ஆக, காதில் கேட்பது இத்தனை வழிகளின் கலவை. அதில் கணிசமான பங்கு செவிப்பறையைத் தொட்டுத்தான் போகிறது.

சோதித்துப் பார்ப்பது எளிது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு காதிலும் நுரைப் பஞ்சு அடைப்பான் செருகுங்கள். பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, திடீரென்று தடித்துவிடும். ஜால்ரா, ‘ஸ்’ போன்ற கூர்மையான ஒலிகள் மங்கும். கூர்மையான ஒலியில் பெரும்பகுதி கசிவாக வந்ததால் அடைப்பான் அதைத் தடுத்துவிட்டது. பேஸ் கூடியதற்குக் காரணம் வேறு. குழாய்ச் சுவர் எழுப்பும் தாழ்ந்த ஒலி, துளை திறந்திருந்தால் வெளியே போய்விடும். அடைத்தால் போக வழியின்றிச் செவிப்பறையை அழுத்துகிறது. இந்த ஏற்றம் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இருக்கும். 250 ஹெர்ட்ஸ் பக்கம் 20 டெசிபல் வரைகூடப் போகும். காதைப் பொத்திக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகினால் சொந்தக் குரல் தலைக்குள் முழங்குவதும் இதனால்தான். அடைப்பானைக் குழாயின் எலும்புப் பகுதி வரை ஆழமாகச் செருகினால் முழக்கம் குறையும், நுனியில் மட்டும் செருகினால் மிகும்.

அதனால் தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் ஒரே அமைப்பை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. காது திறந்திருக்கும்போது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்துவிடுங்கள். அந்தப் பகுதி ஒலியாகச் சேர்வதைவிடத் தோலில் கிச்சுகிச்சாகவே அதிகம் தெரியும், பேட்டரியையும் தின்னும். மெய்யெழுத்துகள் தெளிய 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை சற்று ஏற்றலாம். அடைப்பானோடு கேட்கும்போது 200 முதல் 400 வரை இறக்கி, மேல்பகுதியை நன்றாக உயர்த்துங்கள். விமானம், இயந்திரக் கூடம் போன்ற இரைச்சலான இடங்களில் பேச்சு கேட்க இந்த இரண்டாவது முறையே சரி. திறந்த காதோடு அங்கே ஒலியளவை முழுக்க ஏற்றினாலும் வார்த்தை பிடிபடாது.

மாட்டும் இடத்தில் சில மில்லிமீட்டர் மாறினாலும் ஒலி மாறுகிறது. துளைக்கு முன்னால் இருக்கும் சிறு குருத்தெலும்பு மேட்டைத் தகடு லேசாகத் தொட்டால் குறைந்த ஒலியளவிலேயே சத்தம் கூடும்; எலும்பைவிடக் குருத்தெலும்பை அசைப்பது எளிது. குருத்தெலும்பு வழிக் கடத்தலைத் தனி முறையாக எடுத்துச் சொன்னவர் ஜப்பானிய மருத்துவர் ஹிரோஷி ஹோசோய், 2004-இல். அந்த மேட்டுக்கு உடனே முன்னால் தாடை மூட்டும் இருக்கிறது. தகடு மூட்டின்மேல் விழுந்தால் பேசும்போதும் மெல்லும்போதும் ஒலி ஏறி இறங்கும். அப்போது தகட்டைக் கொஞ்சம் மேலே நகர்த்தினால் போதும். தகட்டுக்கும் தோலுக்கும் இடையில் கிருதா முடி சிக்கினாலும் தெளிவு போய்விடும்.

பிடிமானத்தில் சமரசம் செய்தே ஆக வேண்டும். செவித்திறன் சோதனையில் காதுக்குப் பின்னால் வைக்கும் அதிர்வானை ஏறக்குறைய 5.4 நியூட்டன் விசையில் அழுத்துவார்கள், அதாவது அரைக் கிலோவுக்குச் சற்று மேலான எடை. சில நிமிடங்களுக்கு அதைத் தாங்கலாம், மணிக்கணக்கில் தாங்க முடியாது. பிடி தளர்ந்தால் முதலில் பேஸ் மெலியும், பிறகு தகடு தோலில் படபடக்கும். கண்ணாடி அணிபவர்கள் ஹெட்போனை முதலில் மாட்டி, கண்ணாடிக் காம்பை அதன் மேலே வையுங்கள். காம்பு கீழே போனால் தகடு தோலை விட்டு எழும்பிவிடும்.

ஸ்டீரியோவில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். மண்டையோடு ஒரே அமைப்பாக அதிர்வதால் ஒரு பக்கத்து அதிர்வு மறு பக்கத்துக் காக்ளியாவை அடையும்போது பெரும்பாலும் 10 டெசிபலுக்குள்தான் குறைகிறது. காற்றுவழி ஹெட்போனில் இந்த இடைவெளி 40 டெசிபல் அளவில் இருக்கும். உரை, செய்தி, தொலைபேசிப் பேச்சுக்கு இது குறையே அல்ல. இசைக்கருவிகளின் இடம் பிரித்துக் கேட்க விரும்புகிறவர்களுக்கு இது தீராத குறை.

ஒரு தவறான நம்பிக்கையை அழுத்திச் சொல்லியாக வேண்டும்: எலும்புவழி என்பதால் காதுக்குக் கெடுதி இல்லை என்பது. 1932-இல் செவியை ஆராய்ந்த இயற்பியலாளர் கியார்க் வான் பேக்கசி 400 ஹெர்ட்ஸ் ஒலியை எலும்புவழியாகவும் காற்றுவழியாகவும் ஒரே நேரத்தில் கொடுத்து, அளவையும் கட்டத்தையும் (அலை ஏறி இறங்கும் நேரப் பொருத்தம்) சரிசெய்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளச் செய்து காட்டினார். எந்த வழியில் வந்தாலும் காக்ளியாவில் ஒரே அசைவுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. காக்ளியாவில் அந்த அசைவை உணரும் மயிர்ச்செல்களுக்கு வழி தெரியாது, அளவுதான் தெரியும். வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்ற உலக சுகாதார நிறுவன வரம்பு இதற்கும் பொருந்தும். சாலை இரைச்சலை மீறிக் கேட்க ஒலியளவைக் கூட்டும் பழக்கம் திறந்த காதில் எளிதாக வந்துவிடுவதால், இங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

உண்மையான நன்மை செவிக்குழாய் அடைபடாமல் இருப்பது. இயர்பட் போட்டால் வியர்வை தேங்கி அரிப்பு வருகிறவர்களுக்கும், காதில் பூஞ்சை அடிக்கடி வருகிறவர்களுக்கும் இது பெரிய நிம்மதி. செவிப்பறைத் துளை, சிற்றெலும்பு இறுக்கம் போன்ற கடத்தல் வகைக் குறைபாட்டில் காக்ளியா நன்றாக இருந்தால் இந்தக் கருவி தெளிவாகக் கேட்கும். காக்ளியாவோ நரம்போ பழுதானால் எலும்புவழியும் கைகொடுக்காது. மருத்துவர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் காதுக்குப் பின்னும் காதுக்கு எதிரிலும் வைத்துக் கேட்பது இந்த வேறுபாட்டை அறியத்தான். காது கேட்காதவருக்கு வாங்கிக் கொடுக்கும் முன் அந்தச் சோதனை முடிந்திருக்கட்டும்.

நீச்சலுக்கு வாங்குபவர்கள் உள்நினைவகம் உள்ள மாடலையே தேடுங்கள். புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடுவதால் கரையில் இருக்கும் போனோடு தொடர்பு அறுந்துவிடும். வியர்வைக்கு ஈடுகொடுக்கும் எல்லா மாடலும் மூழ்குவதைத் தாங்காது. தூசியும் நீரும் புகாமைக்கான தரக்குறியீடு ஐபி68 என்றாலும் எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பதைப் பாருங்கள். நீண்ட நாளில் பெரும் தொல்லை தருவது சார்ஜ் முனையில் படியும் வியர்வை உப்பு. பயன்படுத்தியதும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, முனை முழுக்க உலர்ந்த பிறகே சார்ஜில் போடுங்கள். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் அந்தத் தொடுமுனைகள் அரித்துப்போகும்.