ஜாங்கோ: பயன்படுத்தியதும் பங்களித்ததும்

பினாங்கில் சங்கங்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் சின்னச் சின்ன இணையத்தளங்கள் செய்து கொடுப்பது என் பகுதிநேர வேலை. எல்லாமே ஜாங்கோதான், பைத்தான் மொழியில் இணையத்தளம் கட்ட உதவும் சட்டகம் (ஃபிரேம்வொர்க்). 3.2, 4.2, இப்போது 5.2 என்று நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை மட்டும் பிடித்துக்கொண்டு வருகிறேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தம் உண்டு. பராமரிப்பு என்றாலே முகம் சுளிக்கும் வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு வேறு வழியில்லை.

கன்சாஸில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து, 2005-இல் வெளியே வந்தது ஜாங்கோ. செய்தியறை அவசரத்துக்காகச் செய்தது என்பது தளத்தின் தகவல்களை ஏற்றித் திருத்தும் அட்மின் பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். என்னென்ன தகவலைச் சேமிப்பது என்று சொல்லும் மாடலை எழுதிப் பதிவுசெய்தால் போதும், சங்கச் செயலாளர் மறுநாளே விழா அறிவிப்பைத் தானே ஏற்றிவிடுவார்.

ஆனால் பயனர் மாடல் நமக்குத் தைத்த சட்டை இல்லை. முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம். 'முருகன் ஏ/எல் கோவிந்தன்', அதாவது கோவிந்தனின் மகன் முருகன், என்பதை எங்கே வெட்டுவது? வெட்டினால் மகனுக்குப் போகும் மின்னஞ்சல் அப்பாவை அழைக்கும். முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைத்துச் சொந்த மாடல் எழுதிவிடுங்கள், அதுவும் தரவுத்தளத்தில் அட்டவணைகளை உருவாக்கும் முதல் மைக்ரேஷனுக்கு முன்பே. அப்புறம் மாற்றுவது பெரும்பாடு.

என்னை ஜாங்கோவின் மூலநிரலுக்குள் இழுத்தது ஸ்லக், அதாவது தலைப்பிலிருந்து செய்து இணைய முகவரியில் வைக்கும் துண்டு. 'தமிழ் விழா' என்ற தலைப்பை அதைச் செய்யும் ஸ்லக்கிஃபை ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் வெற்றுச் சரம் வரும். பிற மொழி எழுத்துகளையும் ஏற்கும்படி யூனிகோடை அனுமதித்தாலோ 'தமழ-வழ'! எழுத்துகளை வடிகட்டும் பைத்தானின் ரெகெக்ஸ், புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாகவே எண்ணுவதில்லை. நான் தனியாக ஒரு ஃபங்ஷன் எழுதிக்கொண்டேன். யூஆர்எல்லில் வரும் ஸ்லக்கைப் பிடிக்கும் ஸ்லக் கன்வர்ட்டரும் தமிழை ஏற்காது, அங்கே தமிழையும் ஏற்கும் ஸ்ட்ர் கன்வர்ட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதைத் தேடிப் போனபோதுதான் ஜாங்கோ நிரலைச் சோதிக்கும் டெஸ்ட் கோப்புறையைப் படிக்க ஆரம்பித்தேன். எந்த ஆன்லைன் வகுப்பும் அவ்வளவு கற்றுத்தரவில்லை. ஒரு ஃபங்ஷன் எதற்கெல்லாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அங்கே வரிவரியாக இருக்கிறது.

பங்களிப்புக்குப் பொறுமை வேண்டும். பிழையைப் பதிவுசெய்யும் டிக்கெட் முதலில் ஏற்கப்பட வேண்டும். திருத்தத்தோடு, அது இல்லாவிட்டால் தோற்கிற டெஸ்ட் ஒன்றும் வேண்டும். மாற்றத்தோடு எழுதும் குறிப்பான கமிட் செய்தி இறந்தகாலத்தில், முற்றுப்புள்ளியோடு. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அலுவலகத் தம்பிமார்களிடம் நானே அதைத்தான் கேட்கிறேன். "அண்ணே, ஒரு வரி திருத்தத்துக்கு இவ்ளோவா?" என்பார்கள். ஆமாம். பார்த்துச் சொல்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள், ஜாங்கோ அறக்கட்டளையின் சம்பளத்தில் இருப்பவர்கள் ஒரு சிலர்தான். பதில் வர வாரக்கணக்கானாலும் முணுமுணுக்க முடியாது.

நிரல் எழுதத் தயங்குகிறவர்கள் மொழிபெயர்ப்பில் தொடங்கலாம். அட்மினைத் தமிழில் திறந்தால் இன்னமும் பாதி ஆங்கிலம் எட்டிப்பார்க்கிறது. அதற்கு நிரல் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் தேவையில்லை, டிரான்ஸிஃபெக்ஸ் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் தமிழ்க் குழுவில் சேர்ந்தால் போதும்.