கேதீச்சரமா, கோணேச்சரமா? வவுனியாவிலிருந்து ஒரு நாள் பயணம்

வான் பேசியாகிவிட்டது, எந்தக் கோயில் என்பதில்தான் வீட்டில் இழுபறி. மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரம், திருகோணமலைக் கோணேச்சரம் இரண்டும் பாடல் பெற்ற சிவத்தலங்கள். சம்பந்தர் இரண்டையும் பாடினார், சுந்தரர் கேதீச்சரத்தை. இரண்டையும் போர்த்துக்கேயர் இடித்தார்கள். பெருமையை அளந்து முடிவெடுக்க வழியில்லை.

தூரம்: கேதீச்சரம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர், கோணேச்சரம் சற்றுக் கூட. டீசல் செலவில் பெரிய வேறுபாடு இராது.

வழி: மன்னார் வீதியில் முருங்கன் பக்கம் கட்டுக்கரைக்குளம். திருகோணமலை வீதியில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு. அங்கிருந்து பிள்ளைகளைக் கிளப்புவதுதான் பாடு.

நடை: கேதீச்சரம் சமதரை. கோணேச்சரம் கோட்டைக்குள் மேடேறிப் போகும் மலைக்கோயில். முழங்கால் வலியுள்ள அம்மம்மா பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார்.

வழிபாடு: கேதீச்சரத்துக்கே என் வாக்கு. பாலாவித் தீர்த்தத்தில் நீராடி, குடத்தில் நீர் மொண்டு வந்து மகாலிங்கத்துக்கு நம் கையாலேயே ஊற்றலாம். வேறெங்கே குருக்கள் இதற்கு விடுவார்? கோணேச்சரத்தில் கடலும், இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவும், மான்களும் உண்டு. சாமியைவிட அவற்றைத்தான் பிள்ளைகள் நினைவில் வைத்திருப்பார்கள்.

முதியவர்களோ நேர்த்திக்கடனோ இருந்தால் கேதீச்சரம், சிவராத்திரி நெரிசலைத் தவிர்த்து. பிள்ளைகள் கூட்டமென்றால் கோணேச்சரம். எதுவானாலும் விடியுமுன் புறப்படுங்கள். மதியப் பூசை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள்.