வாடகை நம்பரை நம்பி மின்னஞ்சலைப் பறிகொடுத்தேன்

தற்காலிக செல்பேசி எண்ணை வாடகைக்குத் தரும் தளம் எதிலாவது எண் வாங்கி, அதை முக்கியமான கணக்கு ஒன்றில் கொடுத்து வைத்திருக்கிறீர்களா? முதலில் போய் அதை மாற்றிவிடுங்கள். மீதியை அப்புறம் வந்து படிக்கலாம்.

நான் ஏன் அதை வாங்கினேன் என்றால், ஒரு பழைய பொருளை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டு, என் சொந்த எண்ணைக் கொடுத்தேன். பொருள் இரண்டே நாளில் போய்விட்டது, அழைப்புகள் மட்டும் நிற்கவில்லை. கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று பிடுங்கி எடுத்தார்கள். வெறுத்துப்போய், சொந்த எண்ணை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டு, ஓடிபி வாங்குவதற்கென்றே ஓர் எண் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். தேடியதில் அந்தத் தளம் கிடைத்தது. 'ஓராண்டுக்கு இந்த எண் உங்களுக்கு மட்டுமே' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஓராண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டினேன்.

இலவச எண் தளங்கள் பக்கம் போகாத அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது. அங்கே வரும் குறுஞ்செய்திகள் எல்லோருக்கும் தெரியும்படி பொதுப் பக்கத்திலேயே வந்து விழும். ஒருநாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். யார் யாருக்கோ வரவேண்டிய குறியீடுகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் கடைசியிலும் 'இதை யாரிடமும் பகிர வேண்டாம்' என்ற வரி வேறு. நாம் காசு கொடுத்து வாங்குகிறோம், நமக்கு இப்படி ஆகாது என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

மின்னஞ்சலில் இரண்டு இடங்களில் அந்த எண்ணைக் கொடுத்தேன். ஒன்று, உள்ளே நுழையும்போது பாஸ்வேர்டுக்குப் பிறகு கேட்கும் இரண்டாவது சரிபார்ப்புக்கு. இன்னொன்று, பாஸ்வேர்டு மறந்துபோனால் கணக்கை மீட்பதற்கு. இந்த மீட்பு விஷயத்தை அன்றைக்கு நான் பெரிதாக யோசிக்கவே இல்லை.

நான்காவது மாதம், ராத்திரி பதினொன்றரை மணி. தூங்கப் போகும் நேரத்தில் செல்பேசியில் ஓர் அறிவிப்பு: உங்கள் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது. நான் மாற்றவில்லையே என்று உள்ளே போனால், வெளியே தள்ளிவிட்டது. மீட்புப் பக்கம் போனேன். 47 என்று முடியும் எண்ணுக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்று கேட்டது. அனுப்பு என்றேன். வாடகைத் தளத்தைத் திறந்து காத்திருந்தேன், எதுவும் வரவில்லை. மறுபடி அனுப்பச் சொன்னேன். அப்போதுதான் கவனித்தேன், என் எண் இருந்த வரியே சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. பக்கத்தில் சின்னதாக 'காலாவதி'. இன்னும் எட்டு மாதம் பாக்கி இருக்கும்போது!

நடந்தது என்னவென்று பிறகு புரிந்தது. எண் வேறொருவர் கைக்குப் போயிருந்தது. அந்த ஆள் இணையத்தை உடைக்கவும் இல்லை, வைரஸ் அனுப்பவும் இல்லை. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதைத் தட்டி, அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார். வந்த முதல் குறியீட்டைப் போட்டுப் புதுப் பாஸ்வேர்டு வைத்தார், இரண்டாவது குறியீட்டைப் போட்டு உள்ளே போனார். 22 எழுத்தில் நான் வைத்திருந்த பாஸ்வேர்டை யாரும் கேட்கவே இல்லை. இரண்டு பூட்டு போட்டதாக நினைத்திருந்தேன். இரண்டுக்கும் ஒரே சாவி, அதுவும் வாடகைச் சாவி.

மறுநாள் காலையில் நண்பன் ஒருவன் கூப்பிட்டான். என் பெயரில் அவனுக்கு, 'அன்புள்ள நண்பரே, அவசரமாகக் கொஞ்சம் பணம் தேவைப்படுகிறது' என்று மின்னஞ்சல் போயிருக்கிறது. "நீ என்னை என்றைக்குடா நண்பரே என்று கூப்பிட்டிருக்கிறாய்?" என்றான். அந்த ஒரு சொல்லால் அவன் தப்பித்தான். எல்லோரும் அப்படித் தப்பவில்லை. யார் என்பதை அவருடைய மரியாதை கருதி இங்கே எழுதவில்லை.

வாடகைத் தளத்துக்குப் புகார் அனுப்பினேன். முதல் மூன்று நாள் தானியங்கிப் பதில்தான் வந்தது. நான்காம் நாள் ஒரு மனிதர் எழுதினார்: தொலைபேசி நிறுவனம் எண்ணைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, அதற்கு நாங்கள் பொறுப்பல்ல, விதிமுறைகளைப் பார்க்கவும். பார்த்தேன். 'எண்கள் முன்னறிவிப்பின்றித் திரும்பப் பெறப்படலாம்' என்று உள்ளே எங்கோ பொடி எழுத்தில் இருந்தது. முகப்பில் இருந்த பெரிய எழுத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பதில் இல்லை. மிச்ச மாதங்களுக்குப் பணம் கேட்டேன். பணத்துக்குப் பதில் 'புள்ளிகள்' தந்தார்கள், அதே தளத்தில் இன்னொரு எண் வாங்கிக்கொள்ள!

வாடகை எண் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். நாம் விட்டுவிட்ட சாதாரண சிம் எண்ணும் சில காலத்தில் வேறொருவருக்குப் போகும். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல், புதிய வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்கும் நிலையில் இருந்த 259 எண்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 171 எண்கள் பிரபலத் தளங்களில் ஏற்கெனவே யாருடைய கணக்கோடோ இணைந்திருந்தன. எண் நம் கையில் இருக்கும்போதே களவு போவதும் உண்டு. 2019இல் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டோர்சியின் எண்ணையே கைப்பற்றி, அவர் கணக்கிலிருந்து கண்டதையும் எழுதினார்கள்.

என் கணக்கு திரும்பக் கிடைக்க 19 நாள் ஆனது. பழைய பாஸ்வேர்டுகள், கணக்கு தொடங்கிய மாதம், வழக்கமாகப் பயன்படுத்தும் கணினி என்று ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்குள் அந்த ஆள் பழைய கடிதங்களில் பாதியை அழித்திருந்தார்.

இப்போது குறுஞ்செய்தியை விட்டுவிட்டு ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாறிவிட்டேன். முதலில் கணினித் திரையில் வரும் க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்யும்போதே ஒரு ரகசியச் சாவி செயலிக்குள் போய்விடும். அந்தச் சாவியையும் கடிகார நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பெரும்பாலும் 30 நொடிக்கு ஒருமுறை 6 இலக்கக் குறியீட்டைச் செல்பேசியே தரும். சிம்மும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். ஆனால் இதிலும் நான் ஒரு கூத்து அடித்தேன். தனியாக இருக்கட்டும் என்று, தற்காலிகமாகக் கையில் இருந்த ஒரு பழைய செல்பேசியில் செயலியைப் போட்டு, அதைத் திருப்பிக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்துவிட்டேன். சாவியும் அதோடு போனது. இந்த முறை பேக்கப் குறியீடுகளை, அதாவது செயலி கையில் இல்லாதபோது உள்ளே நுழைய மின்னஞ்சல் சேவையே முன்கூட்டித் தரும் குறியீடுகளை, காகிதத்தில் எழுதி வைத்திருந்ததால் பிழைத்தேன். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும் என்பதால், பயன்படுத்தியதை அடித்துவிட வேண்டும்.

செயலி வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. அமைப்புகளுக்குள் போய், 'மீட்பு எண்' என்ற இடத்தில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். செயலியைச் சேர்த்தால் பழைய எண் தானாக நீங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். எனக்கு மூன்று கணக்குகளில் அந்த 47 அப்படியே உட்கார்ந்திருந்தது. நாமே கையால் நீக்க வேண்டும். அதில் ஒன்று, நான் மறந்தே போயிருந்த புகைப்படச் சேமிப்புக் கணக்கு.

போன வாரம் அந்த வாடகைத் தளத்திலிருந்து ஒரு கடிதம். என் எண்ணின் ஓராண்டு முடியப்போகிறதாம், இன்றே புதுப்பித்தால் சலுகை உண்டாம். கீழே எண்ணையும் போட்டிருந்தார்கள். அதே 47.