டூமர்ஸ் ட்ரக்ஸ் லெமனேட்: அயர்ன் பவுலுக்கு முந்தின நாள் போனா எப்படி இருக்கும்

மார்க்கை முதல்லயே போட்டுடறேன். லெமனேடுக்கு 5க்கு 4, கடைக்கு 4, அயர்ன் பவுல்ங்கற காலேஜ் ஃபுட்பால் மேட்ச்சுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அந்தக் கடை வாசல்ல நிக்கற க்யூவுக்கு 5க்கு 5. ஆமா, க்யூவுக்குத்தான். சாதாரண செவ்வாக்கிழமை மத்தியானம் போனா நல்ல ஒரு லெமனேட் குடிச்சிட்டு வருவீங்க, அவ்வளவுதான். ஆனா 2023 நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் நான் போனப்போ அது வேற கடை.

கதை தெரியாதவங்களுக்கு கொஞ்சம். இது அமெரிக்கால அலபாமா மாநிலத்துல ஆபர்ன்ங்கற ஊர். அட்லாண்டால இருந்து ஐ-85 பிடிச்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துடலாம், கடிகாரம் வேற ஒரு மணி நேரம் பின்னாடி போயிடும், அதனால ஒரு மணி நேரத்துக்குள்ளயே வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். இங்க இருக்கறது ஆபர்ன் யுனிவர்சிட்டி, மாநிலத்தோட இன்னொரு பக்கம் டஸ்கலூசால இருக்கறது யுனிவர்சிட்டி ஆஃப் அலபாமா. இந்த ரெண்டு காலேஜும் வருஷா வருஷம் மோதற ஃபுட்பால் மேட்ச்தான் அயர்ன் பவுல் (நம்ம கால்பந்து இல்ல, முட்டை மாதிரி பந்தை கையில புடிச்சிட்டு ஓடறாங்களே அது). முதல் மேட்ச் 1893ல, பர்மிங்ஹாம்ல. அந்த ஊர் இரும்பு எஃகுக்கு பேர் போனது, அதுல வந்த பேருதான். 1907ல 6-6னு டிரா ஆச்சு, அப்புறம் ப்ளேயர்ஸோட படிக்காசு எவ்வளவு, எத்தனை பேரை கூட்டிட்டு வரலாம், அம்பயர் யாருன்னு சண்டை வந்து, நம்புங்க மக்களே, 41 வருஷம் ரெண்டு பேரும் ஆடவே இல்ல! மாநில சட்டசபை தலையிட்டு தள்ளித்தான் 1948ல திரும்ப ஆரம்பிச்சாங்க, மேட்ச்சுக்கு முன்னாடி ரெண்டு காலேஜ் மாணவர் தலைவர்களும் பர்மிங்ஹாம் பார்க்ல ஒரு கோடாலியை குழி தோண்டி புதைச்சாங்க, சமாதானமாம். மேட்ச்ல அலபாமா 55-0ன்னு அடிச்சு தள்ளுச்சு. நல்ல சமாதானம்.

அந்த மாநிலத்துல பெரிய ப்ரொஃபஷனல் டீம் எதுவும் கிடையாது, அதனால மொத்த பைத்தியமும் இந்த ரெண்டு காலேஜ் மேலதான். காலேஜ் வாசலே மிதிக்காதவங்களும் பொறந்ததுல இருந்து ஏதோ ஒரு பக்கம். ஒரே வீட்ல புருஷன் ஒரு பக்கம் பொண்டாட்டி ஒரு பக்கம்னு இருந்தா, கார் முன்னாடி பாதி சிவப்பு பாதி நீலம்-ஆரஞ்சுல ‘ஹவுஸ் டிவைடட்’னு ப்ளேட் மாட்டிடுவாங்க.

இப்ப கடைக்கு வரேன். டூமர்ஸ் ட்ரக்ஸ், காலேஜ் ஸ்ட்ரீட்டும் மக்னோலியா அவென்யூவும் சேர்ற முக்கு. எதிர்ல யுனிவர்சிட்டி வாசல். 1896ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்ச ஷெல் டூமர் 1892ல ஆபர்னோட முதல் ஃபுட்பால் டீம்லயே ஆடினவர், அதாவது இந்தக் கடையையும் அந்த டீமையும் பிரிச்சுப் பேசவே முடியாது. பேருதான் மருந்துக்கடை, இப்ப மாத்திரை எல்லாம் கிடையாது. பழைய காலத்து சோடா கவுண்டர், லெமனேட், மில்க் ஷேக், ஐஸ்க்ரீம், மீதி இடம் பூரா ஆபர்ன் டீஷர்ட்டு தொப்பி சாவிக்கொத்து.

லெமனேட் எப்படி? எலுமிச்சையை பிழிஞ்சு போடறாங்க, பவுடர் கலக்கற வேலை இல்ல, முதல் மடக்குலயே தெரிஞ்சிடும். புளிப்பு முன்னாடி வருது, இனிப்பு பின்னாடியே வந்து சேருது, தொண்டைல ஒட்டல. நம்மூர் பஸ் ஸ்டாண்ட் லெமன் ஜூஸ்ல ஒரு சிட்டிகை உப்பு விழுமே அதை எதிர்பார்த்து போகாதீங்க, அது அவங்க ஊர் வழக்கமே இல்ல, அந்த ஒரு மார்க் என் நாக்குக்காக நானே குறைச்சுக்கிட்டது, கடை மேல குத்தம் இல்ல. நவம்பர் குளிர்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு கையில ஐஸ் லெமனேடோட ஜனம் நிக்குது, கேட்டா இந்த வாரக்கடைசிக்கு இங்க வந்து இதை குடிக்காம போனா டீமுக்கு ஆகாதாம்.

அந்த வாரம் ஏன் ஸ்பெஷல்னா, ஆபர்ன் அதுக்கு முந்தின சனிக்கிழமை நியூ மெக்ஸிகோ ஸ்டேட் கிட்ட தோத்திருந்தாங்க. சொந்த மைதானத்துல. 31-10. இந்த மாதிரி சின்ன டீமுங்களை பெரிய காலேஜுங்க காசு குடுத்து கூட்டிட்டு வந்து ஆடறது ஈசியா ஒரு வெற்றி வாங்கிக்கத்தான், காசும் குடுத்து உதையும் வாங்கி அனுப்பினா எப்படி இருக்கும்? புது கோச் ஹ்யூ ஃப்ரீஸுக்கு அது முதல் சீசன். எதிர்ல வர்றதோ பத்து ஜெயிச்சு ஒண்ணே ஒண்ணு தோத்த அலபாமா, நிக் சேபன் கோச். சரி, இழவு வீடு மாதிரி இருக்கும்னு நெனச்சுத்தான் போனேன்.

அங்க போனா ஆபர்ன்காரங்க எல்லாம் ஒரே ஜாலி! க்யூல எனக்கு முன்னாடி ஒரு தாத்தா, ஆரஞ்சு ஸ்வெட்டர், நாளைக்கு நாற்பது பாயிண்ட்ல தோப்போம்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு, சொல்லிட்டு உடனே குரலை தாழ்த்தி ஆனா ஜோர்டன்-ஹேர்ல எதுவும் நடக்கும் தெரியுமான்னு ஆரம்பிச்சாரு பாருங்க, ஜோர்டன்-ஹேர்ங்கறது அவங்க ஸ்டேடியம், ஏறக்குறைய 88,000 பேர் உக்காரலாம், 1989ல தான் அலபாமா முதல் தடவை அங்க வந்து ஆட சம்மதிச்சுது, அதுக்கு முன்னாடி பல வருஷமா பர்மிங்ஹாம்ல தான் வெச்சுக்கிட்டாங்க, வந்த முதல் வருஷமே 30-20ன்னு ஆபர்ன் ஜெயிச்சது, அதுல இருந்து தாத்தா ஒவ்வொரு வருஷமா அட்டவணை ஒப்பிக்கறாரு. அவருக்கு அதுக்கும் முன்னாடி 1972 ஞாபகம் இருக்கு: அலபாமா 16-3னு முன்னாடி இருந்துச்சாம், கடைசில அவங்க பண்ட் அடிச்ச (அதாவது எதிர் டீம் பக்கம் தூரமா காலால உதைச்சு விடற) பந்தை ரெண்டு தடவை தடுத்து, ரெண்டையும் எடுத்துட்டு ஓடி, 17-16. அதை சொல்லும்போது க்யூவே திரும்பிப் பார்த்து தலையாட்டுது, பாதிப் பேரு அப்ப பொறந்திருக்கவே மாட்டாங்க.

அப்புறம் 2013. அதை சொல்லாத ஆள் அந்த க்யூல இல்ல. 28-28, ஒரே ஒரு செகண்ட் பாக்கி, அலபாமா தூரத்துல இருந்து ஃபீல்டு கோல் (பந்தை உதைச்சு ரெண்டு கம்பத்துக்கு நடுவுல அனுப்பறது) அடிக்குது, பந்து எட்டல, கம்பத்துக்கு கீழ நின்ன கிறிஸ் டேவிஸ் அதை புடிச்சு மைதானம் பூரா ஓடி அந்தப் பக்கம் போய் சேர்ந்துட்டான். 34-28. அப்ப அலபாமா நம்பர் ஒன் டீம். கிக் சிக்ஸ்னு பேரு. இதை எனக்கு ஒருத்தர் விடாம கையை ஆட்டி ஆட்டி விளக்கினாங்க, நானும் முதல் தடவை கேக்கற மாதிரியே கேட்டேன், வேற என்ன பண்றது.

இன்னொரு பக்கம் அலபாமா ரசிகருங்க. என்கூட வந்த ஆபீஸ் நண்பர் அந்தப் பக்கம். ஜெயிக்கப் போற டீம், அடுத்த வாரம் அட்லாண்டால ஜார்ஜியாவோட எஸ்இசி (இந்த காலேஜுங்க ஆடற லீக்) ஃபைனல் வேற காத்திருக்கு, மனுஷன் சந்தோஷமா இருக்க வேணாமா? முகம் பேயறைஞ்ச மாதிரி. ஏன்யா இப்படி இருக்கன்னா, 2013 இங்க தோத்தோம், 2017 இங்க தோத்தோம், 2019 இங்க தோத்தோம், 2021ல நாலு ஓவர்டைம் போய் 24-22ன்னு உயிர் தப்பிச்சு வந்தோம்னு விரல் விட்டு எண்றாரு. ஒத்தைப்படை வருஷம்னாலே ஆபர்ன்ல தான் மேட்ச். நல்ல டீமா இருந்தாலும் இங்க வந்தா ஏதோ ஆயிடுதுங்கறது அவங்க பயம், மோசமான டீமா இருந்தாலும் ஏதோ ஆயிடும்ங்கறது இவங்க நம்பிக்கை. என்னைக் கேட்டா இழக்க ஒண்ணும் இல்லாதவன் பக்கம் நிக்கறதுதான் முந்தின நாள் சுகம். நான் எந்தப் பக்கமும் இல்லாத ஆளு, ஆனா அன்னிக்கு சாயங்காலம் யாராவது கேட்டிருந்தா ஆபர்ன்னுதான் சொல்லியிருப்பேன்.

நண்பர் கொள்கைப்பிடிப்பா கடைக்குள்ள கால் வைக்க மாட்டேன்னுட்டாரு. வெளிய நின்னுக்கிட்டாரு. நான் வாங்கிட்டு வந்த பெரிய கப்ல பாதியை குடிச்சது மட்டும் கொள்கைல வராதாம்.

எதிர்ல இருக்கற ஓக் மரங்களை கண்டிப்பா பாருங்க. ஆபர்ன் ஜெயிச்சா ஊரே இந்த முக்குல கூடி டாய்லெட் பேப்பர் ரோலை மரத்து மேல வீசுவாங்க, மரம் பூரா வெள்ளை வெள்ளையா தொங்கும். அந்தக் காலத்துல வெளியூர் மேட்ச் ரிசல்ட் டூமர்ஸ் கடைக்குத்தான் தந்தில வருமாம், ஜெயிச்ச சேதி வந்தா கடைப் பசங்க அந்த தந்தி நாடாவை கம்பி மேல வீசுவாங்களாம், அதுல தொடங்கினதுன்னு சொல்றாங்க. இப்ப இருக்கறது பழைய மரம் இல்ல. 2010ல அலபாமா 24-0ன்னு முன்னாடி இருந்தும் ஆபர்ன் 28-27ன்னு ஜெயிச்சது, அந்த வயித்தெரிச்சல்ல ஒரு அலபாமா ரசிகர் மரத்துக்கு களைக்கொல்லி விஷம் ஊத்திட்டு, ரேடியோ நிகழ்ச்சிக்கு தானே ஃபோன் பண்ணி பெருமையா சொன்னாரு. ஜெயிலுக்குப் போனாரு, ஆனா மரத்தை காப்பாத்த முடியல, 2013ல வெட்டிட்டாங்க. 2015ல புதுசா நட்டாங்க, அடுத்த வருஷமே ஒரு ஜெயிச்ச ராத்திரி யாரோ பேப்பர்ல நெருப்பு வெச்சு ஒண்ணு கருகிப்போச்சு, மறுபடி நட்டாங்க. விஷம் வெச்சப்போ அந்த மரத்துக்காக காசு திரட்டிக் குடுத்ததுல அலபாமா ரசிகர்களும் இருந்தாங்க. நண்பர் இதை மட்டும் என்கிட்ட ரெண்டு மூணு தடவை சொன்னாரு, எல்லாரும் அந்தாளு மாதிரி இல்லன்னு. அவருக்கு அது உண்மையாவே உறுத்துது போல.

மாணவருங்க தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வீட்டுக்குப் போயிடறாங்க, அதனால வெள்ளிக்கிழமை ஊர் பூரா பழைய மாணவருங்களும் குடும்பங்களும்தான். பெரிய பெரிய ஆர்வி வண்டிங்க (உள்ளயே படுத்து சமைச்சுக்கற வீடு மாதிரி வண்டி) முன்னாடியே வந்து டேரா போட்டுடுது, க்ரில்ல கறி வேகுது, டிவியை வெளிய தூக்கி வெச்சிருக்காங்க, எதிர் டீம் சட்டை போட்டவனையும் கூப்பிட்டு தட்டை நீட்றாங்க, நீட்டும்போதே ஒரு நக்கல். ஆபர்ன் கோஷம் ‘வார் ஈகிள்’, அங்க வணக்கமும் அதுதான், போயிட்டு வரேனும் அதுதான். பதிலுக்கு அலபாமா கோஷமான ‘ரோல் டைட்’னு எவனாவது சொன்னா சுத்தி இருக்கறவங்க செல்லமா ஊளையிடறாங்க. சனிக்கிழமை காலைல இந்த செல்லம் கொஞ்சம் குறைஞ்சிடுது, சரக்கும் ஏறிடுது, அதனாலதான் சொல்றேன், குழந்தைங்களோட போறவங்களுக்கு வெள்ளிதான் சரி.

மேட்ச் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. தாத்தா சொன்ன நாற்பது பாயிண்ட் எல்லாம் இல்ல. கடைசி கால் மணில ஆபர்ன் 24-20ன்னு முன்னாடி இருந்தாங்க! அப்புறம் அலபாமா பண்ட் அடிச்ச பந்தை கையில வாங்காம நழுவ விட்டு அவங்களுக்கே தானம் பண்ணாங்க. அலபாமா கோல் பக்கத்துல போய், தானே சொதப்பி பின்னாடி பின்னாடி வந்து, கடைசி சான்ஸ்ல 31 யார்டு தேவை, பொதுவா பத்து யார்டு தேவைங்கற இடத்துல. அந்த ஒரு பந்தை ஜேலன் மில்ரோ மூலைக்கு எறிய, ஐசையா பாண்ட் புடிச்சுட்டான். 32 செகண்ட் மிச்சம். 27-24. அடுத்த ஜனவரிலயே சேபன் ரிட்டயர் ஆயிட்டாரு, ஆக அதுதான் அவரோட கடைசி அயர்ன் பவுல். நண்பர் ஜெயிச்சும் அட்லாண்டா திரும்பற வரைக்கும் சரியா பேசல, நடுங்கிட்டாரு மனுஷன். அந்த மரத்துல பேப்பர் ஏறல.

சரி, போறவங்களுக்கு. ஒத்தைப்படை வருஷமா பார்த்துப் போங்க. தங்கற இடம் மேட்ச் தேதி வந்த உடனே புக் பண்ணுங்க, நாங்க தங்கின ஹைவே ஓர மோட்டல் (பேரு வேணாம்) அந்த வாரக்கடைசிக்கு கண்டபடி ஏத்தினதுமில்லாம ரெண்டு ராத்திரி எடுத்தாத்தான் ரூம்னுட்டான், குளியலறைல வெந்நீர் வேற வரல. பார்க்கிங்கும் அதே மாதிரிதான், யாரோ ஒருத்தர் வீட்டு புல்தரையில வண்டியை விட்டோம், சாயங்காலம் வெளிய எடுக்க முடியாம முன்னாடி நாலு வண்டி. டீஷர்ட் வேணும்னா கடைக்குள்ளயே வாங்குங்க, ரோட்டோர டென்ட்ல நான் எடுத்தது ஒரே துவைப்புல ஆரஞ்சு சாயம் பூரா என் வேட்டில.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னாடி போனா க்யூ நகரும், மூணு மணிக்கு மேல தெரு வரைக்கும் நிக்கும். எனக்கு மூணு மணி க்யூதான் புடிச்சுது. பெரிய கப்பே வாங்குங்க, உள்ள இடம் இல்லன்னா அப்படியே முக்குல வந்து நின்னு குடிக்கலாம், எந்தக் கலர் சட்டையா இருந்தாலும் யாராவது பேச்சு குடுப்பாங்க.